புற்றும் பானையும் கண்ணாடிப் பெட்டியும்

முதன்முதலாக ஒரு பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர் கைக்கு எட்டும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. சூடேற்றும் விளக்கு எது, தரைக்கு அடியில் வைக்கும் வெப்ப விரிப்பு எது, இரவில் அறை குளிர்ந்தால் என்ன செய்வது என்றுதான் அவை தொடங்கும். காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரில் அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊர்ப்புறம் இது. தளம் போட்ட வீட்டின் மேல்மாடி அறை, பகலில் குடித்த வெயிலை நள்ளிரவு தாண்டியும் உமிழ்ந்துகொண்டிருக்கும். இங்கே பாம்புக் கூண்டின் முதல் கேள்வி குளிர்ச்சி. அதற்கு வெளிநாட்டு நூல்களில் சில வரிகளுக்கு மேல் கிடைப்பதில்லை. விடையின் ஒரு பகுதி நம் மாவட்டத்து மண்ணிலேயே, பாம்பு பிடிக்கும் இருளர்களின் பானையிலும் பாம்புகள் தாமே தேடிப் போகும் கறையான் புற்றிலும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து கூண்டைப் பார்க்கிறது.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். எந்தப் பாம்புக்குக் கூண்டு? வரப்பில் ஓடும் சாரையைப் பிடித்து வைக்கலாமா, ஏரிக்கரைத் தண்ணீர்ப் பாம்பு விஷமில்லாததுதானே என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் நம் ஊர்ப் பாம்புகளைப் பிடிப்பதையும் அடைத்து வைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் எப்படியோ அப்படித்தான் சாரைக்கும் மலைப்பாம்புக்கும். மண்ணுளிப் பாம்புக்குக் கூடுதலாக ஒரு சாபம் இருக்கிறது. அதற்குக் கோடிக்கணக்கில் விலை உண்டு, மருந்துக்கு ஆகும், வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று கதை கட்டி ஏமாற்றும் கும்பல்கள் தமிழ்நாட்டில் அடிக்கடி பிடிபடுகின்றன. எலி வளையில் புகுந்து எலிக்குஞ்சைத் தின்று உழவனுக்கு உதவும் அந்தச் சாது, இந்தப் பொய்யால் சாக்கிலும் பிளாஸ்டிக் வாளியிலும் கிடந்து சாகிறது. எனக்கு இதைவிட வேதனையான பாம்புக் கதை வேறில்லை.

வெளிநாட்டுப் பாம்புகளின் நிலை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைதான், வட அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக் ஆகிய இரண்டும்தான் உலகெங்கும் முதல் பாம்பாகப் பெரும்பாலும் வாங்கப்படுகின்றன. இரண்டுக்கும் விஷம் இல்லை, சாதுவானவை, அளவிலும் அடங்கியவை. இந்தியாவில் இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜூனில் அறிவித்தது. 2022இல் சட்டமே திருத்தப்பட்டது. சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்வது கட்டாயமானது. அதற்கான விதிகள் 2024இல் வந்தன, பதிவு அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். பால் பைதான் அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆகவே விற்பவரிடம் தாள் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. பாங்காக்கிலிருந்து வந்த பயணப் பெட்டிகளில் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைக்கப்பட்ட பால் பைதான் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பறிமுதல் செய்திருக்கிறது. அந்த வழியில் வந்த குட்டிக்கு எவ்வளவு நல்ல கூண்டு கட்டினாலும் அது திருட்டுச் சொத்துக்குக் கட்டிய கூண்டுதான்.

இனி, பானைக்கு வருவோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. அதன் வளாகத்துக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை வடநெம்மேலியும் புள்ளலூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972 சட்டமும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை மூடின. கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர் முதலியோரின் முயற்சியோடு 1978இல் இச்சங்கம் உருவானது. கொல்லாமல் பிடிப்பது, விஷம் எடுப்பது, திரும்பக் கொண்டுபோய் விடுவது என்று தொழில் மாறியது. நாட்டில் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இங்கிருந்துதான் போயிருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மட்டுமே இங்கு அனுமதி. அதுவும் வனத்துறை உரிமம் சொல்லும் எண்ணிக்கைக்குள்.

பிடித்து வந்த பாம்பு அங்கே குடியிருக்கும் இடம் மண்பானை. சுட்ட மண், பூச்சு எதுவும் கிடையாது. உள்ளே மணல், வாயில் துணி போட்டு இறுக்கிய கட்டு. கொட்டகை நிழலில் வரிசையாக வைத்திருப்பார்கள். பானைக்குள் இருப்பது எது, ஆணா பெண்ணா, எடை என்ன, என்று பிடித்தது என்ற விவரம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு முறையாக விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளமிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விட்டுவிடுவார்கள். அடையாளம் மறையுமுன் அதே பாம்பு மறுபடி பிடிபட்டால் தெரிந்துவிடும். விஷம் எடுப்பதைப் பார்வையாளர்கள் சுற்றி நின்று பார்க்கலாம். எல்லார் கண்ணும் கையில் படமெடுக்கும் நல்ல பாம்பின் மேல்தான் இருக்கும். பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பானைகளைக் கவனிப்போர் குறைவு. கூண்டு பற்றி யோசிப்பவர் அந்தப் பானைகளைத்தான் பார்க்க வேண்டும்.

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போகும், குறைக்க வேண்டுமென்றால் குளிர்ந்த இடத்துக்கு நகரும். இரை செரிப்பதும் சட்டை உரிப்பதும் நோயை எதிர்ப்பதும் இந்த நகர்தலை நம்பித்தான். நகர முடியாத பாம்புக்கு வெளியிலுள்ள சூடுதான் விதி. மண்பானையின் சுவர் நுண்துளைகளால் ஆனது. அதில் தண்ணீர் பட்டால் ஊறி, வெளிப்பரப்பில் ஆவியாகி, ஆவியாகும்போது சுவரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று உலர்ந்திருக்கும் கோடை நண்பகலில்தான் இது நன்றாக வேலை செய்யும், அதாவது எப்போது தேவையோ அப்போது. உள்ளே இருட்டு. நான்கு பக்கமும் உடம்பில் படும் அண்மையில் சுவர். எதிரி வரக்கூடிய வழி ஒன்றுதான், அதுவும் மூடியிருக்கிறது. பாம்பு எதைப் பாதுகாப்பு என்று உணருமோ அதெல்லாம் அதில் இருக்கிறது. கறையான் புற்றுக்குள் நல்ல பாம்பு எதற்காக நுழைகிறதோ அந்தக் காரணங்களும் இவைதான். இதில் எனக்கு வியப்பூட்டும் ஒன்று உண்டு: நாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கும் பால் பைதானும் தன் ஊரான கானா, டோகோ, பெனின் நாடுகளில் வெயில் நேரத்தை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும்தான் கழிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் வெயில் அதை ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் அது வெயிலில் இருப்பதே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் பானையை அப்படியே வளர்ப்புக் கூண்டாக எடுத்துக்கொள்வது தவறு. அது மூன்று வார வீடு. வளர்ப்புப் பாம்பின் காலக் கணக்கு வேறு. கார்ன் ஸ்நேக் 15 முதல் 20 ஆண்டு வாழும். பால் பைதான் நல்ல கவனிப்பில் 30 ஆண்டு வரை சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961இல் தனியார் ஒருவர் கொடுத்த பால் பைதான் ஒன்று 2020 ஜூலையில் முட்டையிட்டது. அப்போது அதன் வயது 62க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். கல்லூரிப் பையன் வாங்கும் குட்டி, அவன் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கலாம். அவ்வளவு காலத்தையும் சுருண்ட நிலையிலேயே கழிக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

இந்த இடத்தில் பாம்பு வளர்ப்போருக்குள்ளேயே பெரிய சண்டை நடக்கிறது. வணிக முறையில் குட்டி பொரிக்க வைப்பவர்கள், இழுப்பறை போல அடுக்கிய பிளாஸ்டிக் தட்டுகளில் ஒவ்வொரு பாம்பையும் வைக்கிறார்கள். இடுக்கில் இருப்பதுதான் பாம்புக்குப் பிடிக்கும், பெரிய இடம் கொடுத்தால் பயந்து இரை எடுக்காது என்பது அவர்கள் வாதம். எதிர்த் தரப்பில் விலங்கு நல ஆய்வாளர்கள். பாம்புகள் சுருண்டே கிடப்பவை அல்ல, கணிசமான நேரம் உடலை நேராக நீட்டிக்கொள்கின்றன, ஆகவே கூண்டு பாம்பின் முழு நீளத்துக்காவது இருக்க வேண்டும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கேட்டது. நான் இந்தத் தரப்பில்தான் நிற்கிறேன். பெரிய கூண்டில் பாம்பு இரை எடுக்காமல் போவது உண்மைதான். அந்தக் கூண்டு வெறுமையாக இருப்பதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம், அளவு அல்ல. மறைவிடங்களும் மரப்பட்டையும் கிளையும் இலைக்குப்பையும் நிறைந்த பெரிய இடத்தில் பாம்பு எங்கு போனாலும் ஒளிந்துகொண்டே போகலாம். வளர்ந்த பால் பைதானுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பதே கீழ் எல்லை. இடுக்கு வேண்டுமா, அந்தப் பெரிய இடத்துக்குள் ஓர் இடுக்கை வையுங்கள். பானைக்கு அங்கேதான் வேலை வருகிறது.

பால் பைதானுக்குக் கூண்டின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி, மறுமுனையில் 25 முதல் 27 டிகிரி வேண்டும். நடுவில் படிப்படியாக இறங்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மறைவிடம் கட்டாயம். ஒன்றுதான் இருந்தால் பாதுகாப்பா, சரியான சூடா என்று பாம்பு ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். லண்டன்காரர் சூடான முனையை உண்டாக்கச் செலவழிக்கிறார். நாம் குளிர்ந்த முனையை உண்டாக்கச் செலவழிக்க வேண்டும். கத்திரி வெயிலில் புள்ளலூர் வீட்டு அறை 36, 37 என்று நிற்கும்போது கூண்டு முழுவதும் சூடான முனைதான், ஓடிப்போக இடமில்லை. 35க்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஆபத்து தொடங்குகிறது. அதற்கும் மேலே போனால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எனவே கூண்டு வாங்குமுன் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்மாடி வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேண்டவே வேண்டாம். மேற்குச் சுவர் ஓரமும் ஆகாது, பிற்பகல் வெயில் முழுவதும் அதில்தான் இறங்கும். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு இருந்தால் அதன் நடு அறை சிறந்தது. ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி வைப்பது கொலைக்குச் சமம், மார்கழி வெயிலில்கூட. மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் மட்டும் நகரும் கண்ணாடி என்ற அமைப்பே நம் ஊருக்குப் பொருந்தும். முன்பக்கம் திறப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மேலிருந்து கை இறங்கினால் பாம்புக்கு அது கழுகின் வரவு, முன்னாலிருந்து நீண்டால் அவ்வளவு அச்சமில்லை. சாதாரணப் பிளைவுட் மழைக்காலத்தில் ஊதிப்போகும், கறையானும் ஏறும். மெரைன் பிளைவுட்டோ பிவிசி பலகையோ விலை கூடுதல்தான், ஆனால் 30 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சிக்கனம். கறையானுக்குப் பயந்து பாச்சை உருண்டை போடுவது நம் வீட்டு வழக்கம். பாம்பு இருக்கும் பெட்டிக்கு அருகில் அது கூடவே கூடாது. கொசுவர்த்திச் சுருளும் பூச்சிமருந்துத் தெளிப்பும் அப்படியே. எறும்புக்கு, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய சமையலறை வழியே போதும்.

குளிர்ந்த முனையில் பூச்சில்லாத மண்சட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் பாம்பின் பருமனுக்குச் சற்றே கூடுதலாக வாசல் உடைத்து, விளிம்பை உரசி மழுக்கி வைக்கலாம். கோடையில் சட்டியின் வெளிப்புறத்தை மட்டும் காலை, நண்பகல், மாலை என நனைக்க வேண்டும். உள்ளே தரை ஈரமாகவே இருந்தால் வயிற்றுச் செதில் அழுகும். கூண்டின் மேல்பக்கமும் பின்பக்கமும் காற்றுத் துளைகள் இல்லாவிட்டால் ஆவி போக வழியின்றிக் குளிர்ச்சியும் கிடைக்காது, புழுக்கம்தான் மிஞ்சும். இதுவும் போதாத நாட்கள் உண்டு. மே மாதத்தில் அந்த அறைக்குக் குளிர்சாதனம் வைக்க வசதி இல்லாதவர், அது மின்வெட்டில் நின்றால் என்ன செய்வது என்று யோசித்து வைக்காதவர், பால் பைதான் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கார்ன் ஸ்நேக்குக்கு இன்னும் கண்டிப்பு. அதற்குக் குளிர்ந்த முனை 22 முதல் 25 டிகிரி.

சூடேற்றம் நமக்கு அறவே தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. மார்கழி, தை இரவுகளில் 20 டிகிரிக்குப் பக்கம் இறங்கும்போது ஒரு முனையில் வெப்ப விரிப்பு வேண்டும், அதைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகக்கூடாது. அடியிலிருந்து வரும் கடுஞ்சூட்டை உணர்ந்து நகரும் திறன் பாம்புக்குக் குறைவு, வெந்த வயிற்றோடு அதன்மேலேயே படுத்திருக்கும்.

ஈரப்பதத்தில் நமக்கு ஒரு சாதகம். 55 முதல் 70 விழுக்காடு வேண்டும். அதைக் காக்கத் தரையில் பரப்பும் தேங்காய் நார்த்தூளை உலகமே இங்கிருந்து வாங்குகிறது, பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளில் மலை மலையாகக் குவிந்திருக்கும். உப்பு போக இரண்டு மூன்று முறை அலசி உலர்த்தினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரப்பதம் 90ஐ நெருங்கும்போது காற்றோட்டத்தைக் கூட்டி, தரையை உலர வைக்க வேண்டும். சட்டை துண்டு துண்டாக உரிந்தாலோ கண்ணின் மேல் பழைய ஏடு ஒட்டிக்கொண்டாலோ ஈரம் குறைந்ததற்கு அடையாளம். மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் வந்தாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகியவர் கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் கிடைப்பது அரிது. வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கலாம், அந்தப் பயணத்தையும் கூண்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரை பற்றி ஒரு சொல்: வயல் எலியைப் பிடித்துப் போடாதீர்கள். ஜிங்க் பாஸ்பைடும் புரோமடியோலோனும் வைக்காத வயல் இன்று அரிது, எலி தின்ற நஞ்சு பாம்புக்கும் போகும்.

பூட்டைப் பற்றிக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். தலை நுழையும் இடுக்கில் பாம்பின் உடலும் நுழைந்துவிடும். நகரும் கண்ணாடிக்கு ஆப்புப் பூட்டு, கம்பி போகும் துளைக்கு ரப்பர் அடைப்பு, காற்றுத் துளைக்கு உள்ளிருந்து திருகிய வலை எல்லாமே வேண்டும். தப்பியது ஒரு பால் பைதான்தானே, கடித்தாலும் விஷமில்லையே என்பவர்கள் பிளாரிடாவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அந்த மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் இன்று பல்லாயிரம் பர்மிய மலைப்பாம்புகள் முயலையும் ரக்கூனையும் துடைத்துத் தின்றுகொண்டிருக்கின்றன. எல்லாம் வளர்ப்புக்கு வந்து தப்பியவற்றின், பெரிதானதும் விட்டுவிடப்பட்டவற்றின் சந்ததி. 2017 ஜனவரியில் அவற்றைத் தேடிப் பிடிக்கப் பிளாரிடாப் பல்கலைக்கழகம் அழைத்தது நம் மாவட்டத்து இருளர்களைத்தான். மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். தடத்தையும் எச்சத்தையும் படித்தே ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. எவர் வீட்டுக் கூண்டிலோ போடப்படாத தாழ்ப்பாளுக்கு, கடல் கடந்துபோய் விடை தேடியவர்கள் நம்மவர்கள்.

அயல்நாட்டு விஷப்பாம்பைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. நம் மருத்துவமனைகளில் இருக்கும் மருந்து நம் நான்கு பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்தது. வேற்றுநாட்டு விரியன் கடித்தால் அது காப்பாற்றும் என்று நம்ப முடியாது. எந்தக் கூண்டும் அதற்குப் போதாது.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். கூண்டை முழுவதும் செய்து முடியுங்கள். சட்டி, நார்த்தூள், தண்ணீர்த் தொட்டி, தெர்மோஸ்டாட், இரண்டு முனையிலும் ஒவ்வொரு வெப்பமானி, ஓர் ஈரப்பதமானி எல்லாம் வைத்துப் பூட்டுங்கள். பாம்பை மட்டும் வாங்காதீர்கள். ஒரு கத்திரி முழுக்க வெறும் கூண்டை ஓட்டுங்கள். நாள்தோறும் காலை, பிற்பகல் மூன்று மணி, இரவு என்று அளவுகளைப் பள்ளி நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு நாள் நண்பகலில் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி, நான்கு மணி நேரத்தில் குளிர்ந்த முனை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அந்த நோட்டில் குளிர்ந்த முனைக்கான எண் ஒரு பிற்பகலாவது 32ஐத் தாண்டியிருந்தால் அறையை மாற்றி அடுத்த கோடையில் மறுபடி சோதியுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் வடநெம்மேலிக்கு ஒரு பேருந்துச் சீட்டு எடுங்கள். பானைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் இருளர்களிடம் கேள்வி கேளுங்கள், சொல்வார்கள். ஊருக்குத் திரும்பியபின், வயலோரத்துக் கறையான் புற்றை இடிக்க யாராவது மண்வெட்டி எடுத்தால் தடுத்துப் பேசுங்கள். புள்ளலூர்ச் சாரைக்கும் நல்ல பாம்புக்கும் அதைவிடப் பொருத்தமான கூண்டு எதையும் இதுவரை யாரும் கட்டவில்லை.